மீதியை வந்து சொல்றேன்

லிங்கசாமியைப் பற்றி எழுத என்னைவிட அருகதை இல்லாத ஆள் இந்தத் திருப்பூரில் இருக்க மாட்டார். ஆனாலும் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது. அவர் எழுதப் போவதில்லை. அவருடைய மகள் எழுதினால் அதில் அவர் கொலைகாரராகத்தான் இருப்பார். நடந்தது முழுக்கத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அவரும் நானும்.

என் பெயர் தேவிப்பிரியா, சொந்த ஊர் சேவூர். இங்கே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், பக்கவாதப் பிரிவில் டாப்ளர் டெக்னீஷியன். என்னைப் பெண் பார்க்க வந்த மூன்று குடும்பத்துக்கும் இது என்ன வேலை என்று விளக்கி நான் தோற்றிருக்கிறேன். விஷயம் சின்னதுதான். காதுக்குச் சற்று முன்னால், நெற்றிப்பொட்டில் மண்டை ஓடு மெல்லிசாக இருக்கும். அங்கே ஜெல் தடவி ஒரு கருவியை வைத்து அழுத்தினால், மூளைக்குப் போகிற குழாயில் ரத்தம் என்ன வேகத்தில் ஓடுகிறது என்று மெஷினில் அலையாகத் தெரியும், புஸ் புஸ்ஸென்று சத்தமாகவும் கேட்கும். பக்கவாதம் வந்த முதல் சில நாட்களுக்குக் காலையும் மாலையும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குறித்து வைப்பேன். சத்தம் மெலிந்தால் டாக்டரைக் கூப்பிட வேண்டும்.

இதை நோயாளியின் வீட்டாருக்குப் புரியும்படி சொல்வதில் எனக்குக் கொஞ்சம் பேர் உண்டு. தையல்காரருக்கு நூல் கணக்கில் சொல்வேன், விவசாயிக்குச் சொட்டுநீர்க் குழாய் கணக்கில் சொல்வேன். டாக்டர்கள் சொல்லாமல் விட்டுப் போவதை நான் ஒரு நிமிடத்தில் விளங்க வைத்துவிடுவேன் என்று நர்ஸுகள் சொல்லும்போது உச்சி குளிர்ந்து போவேன். அந்தப் பெருமையால்தான் வந்தது எல்லாம்.

லிங்கசாமிக்கு வயது ஐம்பத்தெட்டு. வெள்ளகோவில் பக்கம் வானம் பார்த்த காடு. அண்ணன் தம்பி நாலு பேருக்கு அது காணாது என்று இருபது வயதில் திருப்பூருக்கு வந்தார். பனியன் கம்பெனியில் தையல் பழகச் சொன்னார்கள். அவருக்கு விரல் ஒவ்வொன்றும் முருங்கைக்காய் கனம், ஊசிக்கு ஒத்துவரவில்லை. சாயப்பட்டறை ஒன்றில் பாய்லருக்கு விறகு தள்ளும் வேலைக்குப் போனார். ஏழு வருடம் விறகு தள்ளியபடியே படித்து, பரீட்சை எழுதி, பாய்லர் அட்டெண்டன்ட் சர்டிபிகேட் வாங்கினார். அது இன்னும் அவர் வீட்டில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.

அந்தப் பட்டறையில் துணிக்குச் சாயம் ஏற்றும் மெஷின்கள் எட்டு. பாய்லரிலிருந்து கிளம்புகிற ஸ்டீம் ஒன்றாம் நம்பருக்கு முதலில் போய், எட்டாம் நம்பருக்குக் கடைசியில் சேரும். எட்டுக்குப் போகிற குழாய் பழையது, உள்ளே துருப்பிடித்து ஒடுங்கிக் கிடந்தது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், மாற்றவில்லை. அதனால் எட்டில் மட்டும் சூடு ஏறாது. டையிங் மாஸ்டர் கத்துவார், துணி திட்டுத் திட்டாகும், திட்டு விழுவது பாய்லர்காரருக்கு.

ஆரம்பத்தில் அவருக்கு முந்தின ஷிஃப்டில் இருந்தவர் சோணைமுத்து. ராமநாதபுரத்துக்காரர், சிரித்த முகம், முன்கோபி. ஒருநாள் மதியம் இரண்டு மணிக்கு லிங்கசாமி வேலை மாற்ற வந்தபோது, பிரஷர் காட்டுகிற கேஜில் முள் பத்தரைக் கிலோவில் இருக்கிற சிவப்புக் கோட்டைத் தாண்டி நின்றது. அந்த அளவுக்கு வந்தாலே சேஃப்டி வால்வு தானாகத் திறந்து ஸ்டீமை வெளியே விட்டுவிட வேண்டும். விடவில்லை. சோணைமுத்து அதன் மேல் ஒரு பழைய பல்சக்கரத்தைக் கம்பி போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்.

"என்னுங்கண்ணா இது?" என்று லிங்கசாமி கேட்டிருக்கிறார்.

"அது அப்படித்தான்யா, சும்மா கத்திக்கிட்டே கெடக்கும். எட்டாம் நம்பர் முடியட்டும், அவுத்துவிட்டுருவோம்" என்றாராம் சோணைமுத்து.

லிங்கசாமி சட்டை மாற்றப் போனார். சட்டையில் ஒரு கை நுழைத்திருந்தபோது வெடித்தது. சோணைமுத்து இரண்டு நாள் உயிரோடு இருந்தார். முகம் அடையாளம் தெரியவில்லை, குரலை வைத்துத்தான் தெரிந்தது என்று லிங்கசாமி என்னிடம் சொன்னார். அந்தக் கம்பியை அவிழ்த்துவிட்டுச் சட்டை மாற்றப் போயிருக்கலாம் என்பதையும் சொன்னார். முப்பது வருடம் கழித்தும் அதைச் சொல்லும்போது அவர் கை, எதையோ முறுக்கி அவிழ்ப்பது போலத் தானாக அசைந்தது.

அதற்குப் பிறகு அவருடைய பாய்லரில் முள் சிவப்புக்குப் பக்கத்தில் போனதே இல்லை. ஏழு, ஏழரை, அவ்வளவுதான். எட்டாம் நம்பரில் கறுப்புச் சாயம் ஓடுகிற நாளில் மட்டும், ஒடுங்கின குழாயைத் தாண்டி ஸ்டீம் போய்ச் சேர வேண்டும் என்று முள்ளை ஒன்பதில் நிறுத்திவிட்டு, எதிரே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, டீக்குக்கூட எழாமல் அதையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். மற்றவர்கள் சிரிப்பார்கள், அவர் சட்டை செய்ததில்லை.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி மயிலாள் குக்கர் வைத்தால் இவர் இரண்டாவது விசிலுக்கு மேல் விடமாட்டார், ஓடிப் போய் அடுப்பை அணைத்துவிடுவார். முப்பது வருடமாக அந்த வீட்டில் பருப்பு வெந்ததே இல்லை.

"பாய்லரையே கட்டிக்கிட்டு இருக்கறதுக்கு என்னைய எதுக்குங்க கட்டுனீங்க? பல்லுல உடைச்சுத் திங்கறதுக்கா?" என்று மயிலாள் கத்துவாளாம்.

மயிலாளின் வாய் சாமளாபுரத்தில் அவர்கள் குடியிருக்கிற வீதி முழுக்கப் பிரசித்தம். ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. காலை எட்டரையிலிருந்து நின்றுகொண்டே பனியனில் ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துப் பார்த்து ஒதுக்குகிற கை, வீட்டுக்கு வந்தும் ஓயாது, வாயும் ஓயாது. "அவ பேசாம இருந்தது தூங்கறப்ப மட்டுந்தானுங்க, அதுவும் சந்தேகந்தான்" என்பார் லிங்கசாமி. சொல்லும்போது சிரிப்பார். மனைவியை நினைத்து அப்படிச் சிரிக்கிற ஆம்பிளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

ஆறு வருடமாக மயிலாளுக்குப் பிரஷர். எங்கள் ஊர்களில் ரத்தக்கொதிப்புக்கு அதுதான் பேர், பாய்லரில் இருப்பதற்கும் அதுதான் பேர். ஒரு தடவை தலை சுற்றி விழுந்தபோது, தெருமுனை டாக்டர் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்து அரைமணி நேரத்தில் இறக்கிவிட்டார். அன்றிலிருந்து அந்த மாத்திரை நாலு, அட்டையோடு லிங்கசாமியின் சட்டைப் பையில் இருக்கும். "பாய்லருக்கு வால்வு இருக்குது, உனக்கு இது" என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்.

போன ஐப்பசியில் ஒருநாள், ஷிப்மென்ட் அவசரத்தில் இருந்தபோது, காலை ஒன்பது மணிக்கு மயிலாளின் வலது கையிலிருந்து பீஸ் நழுவி விழுந்தது. எடுக்கப் போனாள், கை வரவில்லை. சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று சூப்பர்வைசர் எலுமிச்சம்பழச் சோடா குடிக்கச் சொல்லி ஓய்வறையில் படுக்க வைத்தார். சாப்பாட்டு மணி அடித்தும் அவள் எழவில்லை. வாயாடி மயிலாள் பேசாமல் கிடக்கிறாளே என்று அப்போதுதான் பயந்திருக்கிறார்கள். எங்களிடம் கொண்டுவந்து சேர்த்தபோது மணி மூன்று. ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். ஒரு ஷிப்மென்டுக்காக ஒரு மனுஷியை ஆறு மணி நேரம் சோடாவோடு படுக்கப் போட்டவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

ஸ்கேனில் இடது பக்க மூளைக்குப் போகிற பெரிய குழாய் நூல் அளவுக்கு ஒடுங்கியிருந்தது. கம்பி விட்டு இழுக்கவும் வழியில்லை, குழாயே சுருங்கிக் கிடக்கிறது என்றார் டாக்டர். ஆனால் அந்த நூல் வழியாக ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அது நிற்காமல் போனால் மூளையின் பெரும் பகுதி பிழைக்கும். அதற்காக, பிரஷர் இருநூற்று இருபது வரை போனாலும் குறைக்கக் கூடாது, உடம்பே தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அதை ஏற்றி வைத்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். சொன்னது மகள் சித்ராதேவியிடம். லிங்கசாமி அப்போது மருந்துக்கடை வரிசையில் நின்றுகொண்டிருந்தார். நர்ஸ் சொல்லியிருப்பார் என்று மகள் நினைத்தாள். மகள் சொல்லியிருப்பாள் என்று நர்ஸ் நினைத்தார். தினமும் இரண்டு தடவை அவரைப் பார்க்கிற நான் எதையும் நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் காலை மயிலாளின் வலது கைவிரல்கள் அசைந்தன. நான் கருவியை வைத்தேன், சத்தம் முதல் நாளைவிடக் கனமாகக் கேட்டது. எனக்கே சந்தோஷம். அப்போது அவள் உதடு கோணி, எச்சில் வழிய, ஒரு சொல் சொன்னாள்.

"ஊடு."

லிங்கசாமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். "போலாஞ் சாமி, ஊட்டுக்குப் போலாம்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மூன்று நாளாக ஒரு வார்த்தை கேட்காதவர், அந்த ஒரு வார்த்தைக்கே முகம் வேறாகிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு என் மெஷினைக் காட்டிக் கேட்டார்.

"ஏனுங்க அம்மணி, இந்தச் சத்தம் ஸ்டீம் போறதாட்டவே இருக்குதுங்களே?"

பாய்லர்காரர் என்று எனக்குத் தெரியும். எனக்கென்று வாய்த்த கேள்வி என்று உற்சாகமாக ஆரம்பித்தேன்.

"உங்க பாய்லராட்டத்தானுங்கப்பா. அம்மாவோட தலைக்குள்ள போற குழாய் அடைச்சுக் கெடக்குது. அதனாலதான் பிரஷர் எகிறி நிக்குது, பாத்தீங்களா? அது ஏன்னா..."

என் போன் அடித்தது. புது யூனிஃபார்முக்கு அளவெடுக்க டெய்லர் வந்திருக்கிறார், பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவார், உடனே கீழே வா என்றார்கள். போன தடவை தோள் இறுக்கமாகத் தைத்துவிட்டார்கள் என்று எனக்கு ஒரு கடுப்பு வேறு.

"இருங்கப்பா, மீதிய வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

அளவு கொடுத்தேன். பிறகு அவசரப் பிரிவில் ஒரு கேஸ், அதற்குப் பிறகு சாப்பாடு. மீதியைச் சொல்ல வேண்டும் என்பதே மறந்துவிட்டது.

மயிலாளின் கையில் கட்டியிருந்த பட்டை மணிக்கு ஒரு தடவை இறுகி பிரஷரை அளக்கும். ஒரு மணிக்கு இருநூற்று இரண்டு. மெஷின் எண்ணைச் சிவப்பில் காட்டிக் கத்தியது. நர்ஸ் ஜெயசுதா வந்து பட்டனை அமுக்கிச் சத்தத்தை நிறுத்தினாள். இரண்டு மணிக்கு இருநூற்று நாலு, மறுபடி நிறுத்தினாள். மூன்று மணிக்கு இருநூற்று எட்டு. லிங்கசாமி எழுந்து நின்றுகொண்டு, "ஏனுங்கம்மா, செவப்புல கத்துதுங்களே?" என்றார்.

"அது அப்படித்தானுங்கப்பா. பயப்படாதீங்க" என்று ஜெயசுதா பட்டனை அமுக்கிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ஜெயசுதா மேல் தப்பில்லை, அவள் உத்தரவுப்படிதான் நடந்தாள். ஆனால் லிங்கசாமிக்கு அந்த வார்த்தைகள் எங்கே போய் விழுந்திருக்கும் என்று இப்போது எனக்குத் தெரியும். குழாய் அடைத்திருக்கிறது, பிரஷர் எகிறி நிற்கிறது, உங்கள் பாய்லர் மாதிரிதான் என்று காலையில் நான் சொல்லியாயிற்று. சிவப்பு கத்துகிறது, ஒரு ஆள் வந்து அதன் வாயைக் கட்டிவிட்டு அப்படித்தான் என்கிறார். மகள் குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அவர் பத்து நிமிடம் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாராம். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்தார். விழுங்கக் கொடுக்கக் கூடாது, மூக்கில் குழாய் இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். இது விழுங்குகிற மாத்திரை இல்லையே. மயிலாளின் நாக்குக்கு அடியில் வைத்து, உதட்டை மெல்ல மூடிவிட்டார்.

நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது நான் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தேன். அவர் நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"இப்பத்தானுங்க நல்லாத் தூங்கறா" என்றார்.

நெற்றிப்பொட்டில் கருவியை வைத்தேன். சத்தம் இல்லை. ஜெல் பற்றவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் தடவி, கோணம் மாற்றி வைத்தேன். எங்கேயோ தூரத்தில் ஒரு முனகல் மாதிரிக் கேட்டது. அலை தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பிரஷர் பட்டனை அமுக்கினேன். நூற்றுப் பதினாறு. 

"என்னுங்கப்பா குடுத்தீங்க?"

"வால்வத் தெறந்து உட்டனுங்க அம்மணி" என்றார் அவர். நல்ல வேலை செய்தவர் சொல்கிற மாதிரிதான் சொன்னார். அட்டையையும் எடுத்துக் காட்டினார்.

டாக்டர் ஓடி வந்தார். தலைமாட்டை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, இரண்டு கையிலும் சலைன், பிரஷரை ஏற்றுகிற மருந்து எல்லாம் போட்டார்கள். ஏறுவதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் போக வேண்டியது போய்விட்டது. மறுநாள் ஸ்கேனில் இடது பக்கம் பெரும்பாலும் கறுத்துக் கிடந்தது. காலையில் அசைந்த விரல்கள் பிறகு அசையவில்லை. "ஊடு" என்பதுதான் மயிலாள் பேசிய கடைசிச் சொல்.

தாழ்வாரத்தில் டாக்டர் கத்தினார். "யாரைக் கேட்டுக் குடுத்தே? யார் சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலீங்க. நானாத்தானுங்க வெச்சேன்" என்றார் லிங்கசாமி.

நான் மூன்றடி தூரத்தில் நின்றுகொண்டிருந்தேன். இல்லை சார், நான்தான் அரைகுறையாக உளறிவிட்டுப் போனேன் என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். வேலை போய்விடும் என்று பயந்தேனா, என் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேனா, இப்போதும் எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. பேசாமல் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தலை ஈரம் காயாமல் படியேறி வந்த சித்ராதேவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "எங்கம்மாவ நீங்கதான் கொன்னீங்க" என்றாள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு அவள் அப்பாவோடு பேசவே இல்லை. அம்மாவைப் பார்க்க வருவாள், அவர் எதிரிலேயே இருந்தாலும் பக்கத்து வீட்டுக்காரர்களிடம் சொல்லித்தான் அவரிடம் கேட்க வேண்டியதைக் கேட்பாள்.

லிங்கசாமி பாய்லர் வேலையை விட்டுவிட்டார். முள்ளை இனிமேல் பார்க்க முடியாது என்றார். மயிலாளைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, ஊட்டுவது எல்லாம் அவர்தான். குக்கரில் இப்போது ஏழு விசில் வருகிறது. குழைந்தால்தான் அவளால் விழுங்க முடியும்.

மாதம் ஒருமுறை சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு என்னிடம் வருவார். இரண்டாம் மாதமே அந்தக் குழாய் தானாகக் கொஞ்சம் திறந்துகொண்டது. சத்தம் கணீரென்று கேட்கிறது. ரத்தம் இப்போது தாராளமாக ஓடுகிறது, வாங்கிக்கொள்ளத்தான் அந்தப் பக்கம் ஒன்றும் மிச்சமில்லை. இதை நான் அவரிடம் சொன்னதில்லை. "நல்லாக் கேக்குதுங்களே அம்மணி?" என்பார். "நல்லாக் கேக்குதுங்கப்பா" என்பேன். வீட்டில் வாயே ஓயாதவளிடமிருந்து அவருக்கு இப்போது கிடைப்பது அந்தச் சத்தம் ஒன்றுதான்.

போன சித்திரையில் வந்தபோது, வெளியே காத்திருந்த புதுக் குடும்பம் ஒன்றிடம் அவர் பேசிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது.

"இந்த அம்மணி சொல்றதக் காது குடுத்துக் கேட்டுக்கோங்க. தெளிவாச் சொல்லும். நாந்தான் கேக்காமப் போயி என்ற பொண்டாட்டியக் கெடுத்துப்போட்டேன்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினேன். மயிலாளுக்குக் கருவியை வைத்துக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னேன். "அன்னைக்குப் பாய்லராட்டன்னு சொன்னது நான்தானுங்கப்பா. பாதியில விட்டுட்டு அளவு குடுக்கப் போயிட்டேன். தப்பு என்னுதுங்க. சித்ராதேவிகிட்டயும் நானே வந்து சொல்றேன்."

அவர் துண்டை எடுத்து மயிலாளின் நெற்றிப்பொட்டில் இருந்த ஜெல்லைப் பொறுமையாகத் துடைத்தார். காதோரம் வழிந்ததையும் துடைத்தார்.

"மீதிய வந்து சொல்றேன்னீங்களே அம்மணி. என்னுங்க அது?" என்று கேட்டார்.

 ஆறு மாதம் தாமதமாகச் சொன்னேன். "குழாய் ஒடுங்கிக் கெடக்கறதால பிரஷர் எச்சா நின்னாத்தான் ரத்தம் கடைசி வரைக்கும் போய்ச் சேருமுங்க. அதனால எறக்கக் கூடாதுன்னு..."

அவர் துண்டைப் பிடித்த கை அப்படியே நின்றது.

"எட்டாம் நெம்பரு" என்றார்.

பிறகு என்னிடம் அல்லாமல் மயிலாளிடம் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார். "எட்டாம் நெம்பராட்டன்னு சொல்லியிருந்தா, நானு ஸ்டூலப் போட்டு உக்காந்து முள்ளப் பாத்துட்டே இருந்திருப்பனே, கண்ணு."